பாசி இலையில் வெள்ளைச் சுருள்: ஸ்பைரோர்பிஸ்தான் என்று எதை வைத்து உறுதி செய்வது?

அலைதொடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் வேல்ஸில், ஸ்வான்சீ பக்கம் இருக்கிறேன். போன சனிக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றியிருந்தது. வழக்கமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் பாறைகள் வரை நடந்தே போக முடிந்தது. அங்கே ரம்பப்பல் மாதிரி விளிம்பு கொண்ட பழுப்புப் பாசி, ஃப்யூகஸ் செராட்டஸ், பாறை தெரியாமல் படர்ந்து கிடந்தது. இலையைப் புரட்டினால் நூற்றுக்கணக்கில் வெள்ளைச் சுருள்கள். சிறியது கடுகளவு, பெரியதுகூடக் கொத்தமல்லி விதையைத் தாண்டாது. குட்டி நத்தை என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் தள்ளிப் பார்த்தால் அசையவில்லை, இலையோடு இலையாக ஒட்டியிருக்கிறது. ஒரு கிண்ணம் கடல்நீரில் இலைத் துண்டைப் போட்டு வைத்தேன். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு சுருளின் வாயிலிருந்தும் ஒரு குட்டி விசிறி வெளியே வந்து விரிந்தது. அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

கைப்பேசிச் செயலி இதை "ஸ்பைரோர்பிஸ்" என்ற குழாய்ப்புழு என்கிறது. ஆனால் எந்தப் படத்தைக் கொடுத்தாலும், சுருளாக இருந்தால் போதும், அதே பெயரைத்தான் சொல்கிறது. பேரினத்தை உறுதி செய்ய உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? என்னிடம் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸும், ஒரு சாதாரண பிரிப்பு நுண்ணோக்கியும் இருக்கின்றன. படங்கள் மூன்று சேர்த்திருக்கிறேன்.

தொட்டிக்காரர்:

இது என் உப்புநீர்த் தொட்டிக் கண்ணாடியில் இருப்பதேதான்! சென்னையில் நாலு வருடமாகப் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன், மோட்டார் மூடியிலும் கண்ணாடி மூலையிலும் இதே வெள்ளைச் சுருள் நிறைய. தொட்டி வைத்திருக்கும் எல்லாரும் ஸ்பைரோர்பிஸ் என்றுதான் சொல்கிறோம். ஒன்றும் கெடுதல் செய்யாது, தண்ணீரில் மிதப்பதை வடிகட்டிச் சாப்பிடும். செயலி சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன்.

கரையோரி:

அலைதொடு, உங்களுடையது ஸ்பைரோர்பிஸாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் "சுருளாக இருக்கிறது, அதனால் ஸ்பைரோர்பிஸ்" என்ற காரணம் செல்லாது. தொட்டிக்காரர் அண்ணா, உங்களுடையது அநேகமாக வேறு பேரினம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இந்தக் குழப்பம் இங்கே மாதம் ஒருமுறை வருகிறது.

சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் புழுக்களின் குடும்பம் செர்புலிடே. அதற்குள் ஒரு துணைக்குடும்பம் ஸ்பைரோர்பினே. சுருள் குழாய் என்பது அந்தத் துணைக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். ஜானுவா, நியோடெக்ஸியோஸ்பைரா, பைலியோலேரியா, சர்சீயிஸ், இன்னும் பல பேரினங்கள், எல்லாமே வெள்ளையாக, குட்டியாக, சுருண்டுதான் இருக்கும். ஸ்பைரோர்பிஸ் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். லின்னேயஸ் 1758-ல் செர்புலா என்ற பேரினத்துக்குள் இதை வைத்தார், 1800-ல் தோதான் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்பைரோர்பிஸ் என்று தனியே பிரித்தார். அதற்கப்புறம் ரொம்ப காலம் உலகத்தில் எங்கே குட்டிச் சுருள் குழாய் கிடைத்தாலும் அந்த ஒரே பெட்டியில் போட்டார்கள். அந்தப் பழைய பழக்கம்தான் செயலியிலும் தொட்டிக்காரர்களின் பேச்சிலும் இன்னும் இருக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் சுழற்சித் திசை. குழாயை மேலிருந்து பாருங்கள், அதாவது ஒட்டியிருக்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும். நடுவில் விரலை வைத்து வாய் வரை சுருளோடு நகர்த்துங்கள். விரல் கடிகார முள் போகும் திசையில் போனால் ஸ்பைரோர்பிஸுக்குப் பொருந்தும். எதிர்த்திசையில் போனால் இது ஸ்பைரோர்பிஸ் இல்லை, ஜானுவா பக்கமோ சர்சீயிஸ் பக்கமோ போக வேண்டும். உங்கள் முதல் படத்தில் கடிகாரத் திசையில்தான் தெரிகிறது. ஆனால் அதோடு முடியவில்லை, பைலியோலேரியாவும் பெரும்பாலும் அதே திசைதான்.

அடுத்தது குழாயின் மேற்பரப்பு. ஃப்யூகஸ் மேல் இருக்கும் இனத்துக்குப் பேரினப் பெயரே இனப்பெயரும், ஸ்பைரோர்பிஸ் ஸ்பைரோர்பிஸ். அதன் குழாய் வழுவழுப்பாக, மேடு வரப்பு இல்லாமல், பால்வெள்ளையாக இருக்கும். அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர். வெளிச்சுற்றின் அடியில் பாவாடை மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு இலைமேல் பரந்து ஒட்டியிருக்கும். இதே பேரினத்தில் டிரைடென்டேட்டஸ் என்ற இனத்துக்குக் குழாய் நெடுக மூன்று வரப்புகள் உண்டு, அது பாறையின் நிழல் பக்கத்தில் இருக்கும். ஆகவே மேற்பரப்பு இனத்தைப் பிரிக்க உதவும், பேரினத்தைப் பிரிக்கத் தனியாக உதவாது. குழாய் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவினால் மட்டும் சர்சீயிஸைச் சந்தேகப்படுங்கள்.

உண்மையான சாட்சி உள்ளே இருக்கிறது. இந்தப் புழு தன் முட்டைகளை எங்கே வைத்து வளர்க்கிறது என்று பாருங்கள். ஸ்பைரோர்பிஸ் கருக்களைக் குழாய்க்குள்ளேயே, தன் உடம்புக்குப் பக்கத்தில், ஒரு சரமாக வைத்திருக்கும். அந்தச் சரத்தின் பின்முனை ஒரு மெல்லிய நூலால் குழாயின் உட்சுவரில் கட்டப்பட்டிருக்கும். சர்சீயிஸும் குழாய்க்குள்தான் வைக்கும், ஆனால் நூல் இல்லாமல் கருக்கூட்டத்தை நேராகச் சுவரில் ஒட்டிவிடும். ஜானுவா, நியோடெக்ஸியோஸ்பைரா, பைலியோலேரியா இவையெல்லாம் குழாய்க்குள் வைக்காது. வாயை அடைக்கும் மூடி இருக்கிறதல்லவா, அந்த மூடியையே ஒரு கிண்ணமாக்கி அதற்குள் குஞ்சுகளை வளர்க்கும். அந்த மூவரிலும் வித்தியாசம் உண்டு. பைலியோலேரியா ஒரே கிண்ணத்தை அடுத்தடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்தும். ஜானுவா வகை ஒவ்வோர் ஈடும் முடிந்ததும் கிண்ணத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் சுருளைப் பார்த்து ஏமாறவே மாட்டீர்கள். ஜூன் ஜூலையில் உங்கள் கரையில் நிறையக் கருவோடு இருக்கும். இதுதான் சரியான நேரம்.

பாசிமணி:

கரையோரி அக்கா, ஒரு சந்தேகம். நான் படித்த இடத்தில் ஸ்பைரோர்பிஸ் "இடம்புரி" என்று போட்டிருந்தது. ஆங்கில நூல்களிலும் இடப்பக்கச் சுருள் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நீங்கள் கடிகாரத் திசை என்கிறீர்கள். கடிகாரத் திசை என்றால் வலஞ்சுழிதானே? எது சரி?

கரையோரி:

இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன, மொழிபெயர்ப்பில்தான் தவறு. இது தமிழில் எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான கேள்வி.

விலங்கியலில் இடச்சுருள், வலச்சுருள் என்பது நத்தை ஓட்டை வைத்து வந்த வழக்கு. கூர்நுனியை மேலே வைத்து வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், வாய் வலப்பக்கம் திறந்தால் வலச்சுருள், இடப்பக்கம் திறந்தால் இடச்சுருள். இப்போது நம் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு விலங்கியல் கணக்கில் வலச்சுருள், அதை நாம் இடம்புரி என்கிறோம். லட்சத்தில் ஒன்று என்று கொண்டாடும் வலம்புரிச் சங்கு விலங்கியல் கணக்கில் இடச்சுருள். நம் ஆட்கள் சங்கைத் தலைகீழாக, வால் நுனி மேலே இருக்கப் பிடித்துப் பெயர் வைத்ததால் இப்படி. எது தப்பு, எது சரி என்பது இல்லை, பிடிக்கும் முறை வேறு.

ஸ்பைரோர்பிஸ் குழாயின் தொடக்கம் இலையோடு ஒட்டிக் கீழே இருக்கிறது. புதிய சுற்று அதன்மேல் ஏறி வளர்கிறது. ஆக, நாம் மேலிருந்து பார்க்கும்போது, சங்கை வால் நுனியிலிருந்து பார்ப்பது போன்ற பக்கத்தைத்தான் பார்க்கிறோம். விலங்கியலார் இடச்சுருள் என்று எழுதுவது நம் கண்ணுக்குக் கடிகாரத் திசையாகத் தெரிவது அதனால்தான். சங்கு வழக்கில் சொன்னால் ஸ்பைரோர்பிஸ் வலம்புரி. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து "இடம்புரி" என்று பெயர்த்தவர் நம் சொல்லின் பொருளையே திருப்பிப் போட்டுவிட்டார். என் கருத்து, தமிழில் எழுதும்போது வலஞ்சுழி, இடஞ்சுழி என்று மட்டும் எழுதுவோம், "மேலிருந்து பார்க்க, நடுவிலிருந்து வாய் நோக்கி" என்று சேர்த்துவிடுவோம். படிப்பவர் சுருளை நேரே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாசிமணி:

இப்போது புரிந்தது. வீட்டில் இருக்கும் சங்கை எடுத்துவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே வருகிறது. நன்றி அக்கா.

தொட்டிக்காரர்:

என் கண்ணாடியில் இருப்பதைப் பார்த்தேன். எல்லாமே கடிகாரத் திசைதான். இருபதுக்கு மேல் எண்ணினேன், ஒன்றுகூட மாறவில்லை. அப்படியானால் என்னுடையதும் ஸ்பைரோர்பிஸ் என்று சொல்லலாம்தானே?

கரையோரி:

அண்ணா, தொட்டிக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தீர்களா? அப்படியென்றால் நீங்கள் பார்த்தது குழாயின் அடிப்பக்கம். அடியிலிருந்து பார்த்தால் திசை அப்படியே தலைகீழாகும். தொட்டிக்குள்ளிருந்து பார்க்கும் கோணம்தான் கணக்கு. ஒன்றை பிளேடால் பெயர்த்தெடுத்துத் தட்டில் வைத்துப் பாருங்கள், அதுதான் நல்லது. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படத்தையும் நம்ப வேண்டாம், சிலவற்றில் கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கும்.

இன்னொன்று. பெயர்த்தெடுத்ததும் குழாயின் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே பீங்கான் மாதிரிப் பளபளத்தால் அது புழுவே இல்லை, வெர்மெட்டிட் என்ற ஒட்டி வாழும் நத்தை. பவளத்தொட்டியில் அதுவும் வரும், சளிநூல் வீசிச் சாப்பிடும், பவளத்துக்குத் தொந்தரவு. புழுக்குழாயின் உட்புறம் மங்கலாகத்தான் இருக்கும். விசிறி வெளியே வந்தால் சந்தேகமே இல்லை, புழு.

மண்டபக்கரை:

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். வெப்பக்கடல் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. ஸ்பைரோர்பிஸ் என்று பெயர் பெற்ற இனங்கள் பெரும்பாலும் குளிர்கடல், மிதகடல் கரைகளில் அதிகம். நம் மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்புல் இலையிலும் சர்காசம் பாசியிலும் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருப்பதை எடுத்துப் பார்த்தால், நான் பார்த்தவரை மூடிக்குள் குஞ்சு வளர்க்கும் வகைகள்தான் கையில் வருகின்றன. வலையில் சிக்கி வரும் பாசியில்கூட இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டி. காட்ஃபிரீட் பிள்ளை. இலங்கைக் கரைகளில் சேகரித்த இந்தச் சுருள் புழுக்களை வைத்து 1970-ல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார், சிலோன் அறிவியல் இதழில் வந்தது. வெறும் உள்ளூர் பட்டியல் இல்லை. உலகத்தில் உள்ள எல்லாச் சுருள் புழுக்களின் வகைப்பாட்டையும் கையிலெடுத்து மறுபடி அடுக்கினார். நியோடெக்ஸியோஸ்பைரா என்ற பேரினம் அவர் வைத்ததுதான். இவற்றைத் தனிக் குடும்பமாகவும் உயர்த்தினார். பிற்பாடு மரபணு ஆய்வுகள் வந்து, சுருள் புழுக்கள் செர்புலிடே மரத்தின் உள்கிளையாகத்தான் வருகின்றன என்று காட்டியதால் இன்று அதைத் துணைக்குடும்பம் என்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் ஸ்பைரோர்பிஸ் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைத்து வைத்த காலம் முடிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று உலகம் முழுக்க வெப்பக்கரைகளில் ஒருவர் நியோடெக்ஸியோஸ்பைரா என்று எழுதும்போது பிள்ளை, 1970 என்றுதான் பக்கத்தில் எழுதுகிறார். நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

அலைதொடு:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றை உடைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. ஊசியால் குழாயைக் குத்தினேன், புழு உள்ளுக்குள் சுருங்கிப் போய்விட்டது, பின்பக்கம் நசுங்கிவிட்டது. வினிகரில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து புழு மட்டும் முழுதாகக் கிடைக்கும் என்று எங்கோ படித்தேன். செய்யலாமா?

கரையோரி:

வினிகர் வேண்டாம். குழாயோடு மூடியின் தட்டும் கரைந்துவிடும், அதுவும் சுண்ணாம்புதான். அந்தத் தட்டும், அதன் அடியில் சதைக்குள் இறங்கும் முளையும் இனத்தைப் பிரிக்கத் தேவை. சிலவற்றில் அந்த முளை பிளவுபட்டிருக்கும், சிலவற்றில் பெரிதாக, சிலவற்றில் இல்லாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். கரைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

முதலில் புழுவை மயங்க வைக்க வேண்டும். மக்னீசியம் குளோரைடு நல்ல தண்ணீரில் நூற்றுக்கு ஏழரை வீதம் கரைத்து, அதைக் கடல்நீரோடு சரிபாதி கலந்து, அதில் இலைத் துண்டைப் போட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் மருந்துக்கடை பேதி உப்பும் ஓரளவு வேலை செய்யும். விசிறி வெளியே நீட்டிய நிலையிலேயே தளர்ந்து, தொட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளாத வரை பொறுங்கள். அப்புறம் குழாயின் வாயிலிருந்து தொடங்காதீர்கள். வெளிச்சுற்றின் சுவரை, இலையோடு ஒட்டாத மேல்பக்கத்தில், மெல்லிய ஊசியால் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டே வாருங்கள். முட்டை ஓட்டை உரிப்பது மாதிரி. கருச்சரம் இருந்தால் பாதி வழியிலேயே கண்ணில் படும்.

புழு கையில் வந்ததும் மார்புப் பகுதியில் மயிர்க்கற்றை உள்ள கணுக்களை எண்ணுங்கள். சாதாரண செர்புலிடேக்களில் ஏழு இருக்கும். சுருள் புழுக்களில் மூன்றோ நான்கோதான், ஸ்பைரோர்பிஸில் மூன்று. உடம்பும் நேராக இருக்காது, சுருளின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அது அடிபட்டதால் வந்தது இல்லை, பிறவியிலேயே அப்படி. விசிறியின் இழைகளில் ஒன்றுதான் தடித்து மூடியாக மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

அலைதொடு:

கிடைத்துவிட்டது! அக்கா சொன்னபடியே செய்தேன். ஏழு குழாய் திறந்தேன், ஐந்தில் கரு இருந்தது. ஒன்றில் முழுச் சரமும் அறுபடாமல் வந்தது. மணிமணியாகக் கோத்த மாதிரி ஒரு சரம், பின்முனையில் முடியைவிட மெல்லிய ஒரு நூல், அது குழாய்ச் சுவரில் பிடித்திருக்கிறது. ஊசியால் சரத்தை மெதுவாக இழுத்தபோது அந்த நூல் விறைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. மூடிக்குள் ஒன்றும் இல்லை, வெறும் தட்டு. மார்புக்கணு மூன்று. வலஞ்சுழி. குழாய் வழுவழுப்பு, அடியில் பாவாடை விளிம்பு. படங்கள் போட்டிருக்கிறேன், நான்காவது படத்தில் நூல் தெரியும்.

கரையோரி:

அழகான படம். நான்காவதைப் போன்ற தெளிவான நூலை நானே ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இப்போது நிம்மதியாக எழுதலாம், ஸ்பைரோர்பிஸ். ஃப்யூகஸ் செராட்டஸ், வழுவழுப்பான குழாய், விளிம்பு எல்லாம் சேர்ந்து ஸ்பைரோர்பிஸ் ஸ்பைரோர்பிஸ். பழைய நூல்களில் ஸ்பைரோர்பிஸ் போரியாலிஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

கல்லடுக்கு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் புதைபடிவம் பக்கம். "சுருளை நம்பாதே" என்று அக்கா சொன்னதற்கு எங்கள் துறையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நிலக்கரிக் காலத்துப் பாறைகளில் "ஸ்பைரோர்பிஸ் சுண்ணாம்புக்கல்" என்றே பெயர் வைத்த அடுக்குகள் உண்டு. அந்தக் காலத்துத் தாவர இலைகளின் மேலேயே குட்டிச் சுருள் ஒட்டிய படிவங்கள் கிடைக்கின்றன. பார்த்தால் அலைதொடுவின் படமேதான். நூறு வருடத்துக்கு மேல் எல்லாரும் இதை ஸ்பைரோர்பிஸ் என்று எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால், அதே அடுக்குகளில் மற்ற அடையாளமெல்லாம் நன்னீர் என்கிறது. ஸ்பைரோர்பிஸோ கடல்வாசி. அதனால் "இங்கே கடல் வந்துபோயிருக்கிறது" என்று சிலர், "அன்றைக்கு ஸ்பைரோர்பிஸ் நன்னீரிலும் வாழ்ந்தது" என்று சிலர்.

குழாயின் சுவரை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது புழுவே இல்லை. மைக்ரோகாங்கிட் என்ற, இன்று பூண்டோடு அழிந்துபோன கூட்டம். சுவர் தாள் அடுக்கிய மாதிரிப் படலம் படலமாக இருக்கிறது, பலவற்றில் நுண்துளைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம் சுருளின் நடுத்தொடக்கம்: மைக்ரோகாங்கிட்டில் அது மூடிய குமிழ் மாதிரி இருக்கும், ஸ்பைரோர்பிஸ் குழாயின் தொடக்கம் திறந்திருக்கும். டெய்லரும் வின்னும் 2006-ல் இதை விளக்கமாக எழுதினார்கள். ஆர்டோவிசியன் முதல் நடு ஜுராசிக் வரை "ஸ்பைரோர்பிஸ்" என்று பெயர் எழுதிய பெட்டிகளில் இருப்பவை அநேகமாக இவைதான். உண்மையான சுருள் புழுக்கள் ஜுராசிக்குக்குப் பிறகு வந்த கிரெட்டேசியஸ் காலத்தில்தான் வருகின்றன. ஒரு பெயரைத் தவறாக வைத்ததால், ஒரு நாட்டின் பழைய கரை எங்கே இருந்தது என்ற வரைபடமே தவறாகும்.

பாசிமணி:

கல்லடுக்கு, அப்படியென்றால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் உறவே இல்லையா? எப்படி இவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றன?

கல்லடுக்கு:

உறவு இல்லை. மைக்ரோகாங்கிட்டுகளை இன்று பிராக்கியோபாட், பிரயோசோவன் என்ற வேறு முதுகெலும்பில்லா விலங்குகளின் பக்கத்து உறவினராகத்தான் வைக்கிறார்கள். ஒரே மாதிரித் தேவை ஒரே மாதிரி வடிவத்தைத் தந்திருக்கிறது. இலை மாதிரிச் சின்ன இடத்தில் ஒட்ட வேண்டும், குழாய் நீளமாகவும் வேண்டும், இலை ஆடும்போது பிய்ந்துவிடவும் கூடாது. சுருட்டி ஒட்டுவதைத் தவிர நல்ல வழி குறைவு. இன்றைய புழு கருவை நூலில் கட்டி வைக்கிறதே, அந்தச் சாட்சி கல்லில் மிஞ்சாது, அதனால்தான் நாங்கள் சுவரையும் தொடக்கத்தையும் பிடித்துக்கொண்டோம்.

அலைதொடு:

கல்லடுக்கு சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கூடுதல் செய்தியும் ஒரு கேள்வியும்.

செய்தி: பிடித்து வந்து ஒரு வாரம் ஆயிற்று, நேற்று அட்டமி. காலையில் கிண்ணத்தின் மேல்துணியை எடுத்ததும், ஜன்னல் பக்கம் இருந்த நீரில் பொடிப்பொடியாக ஏதோ நீந்தியது. கைலென்ஸில் பார்த்தால் குஞ்சுகள்! புதிதாக ஒரு ஃப்யூகஸ் துண்டைப் போட்டேன். முதலில் வெளிச்சம் பக்கமே மொய்த்தன, மதியத்துக்குள் இலைக்கு இறங்கிவிட்டன. நடுநரம்பின் ஓரப் பள்ளத்தில் நிறைய ஒட்டியிருக்கின்றன. இன்று காலை அங்கெல்லாம் வெள்ளையாக ஊசிமுனைப் புள்ளிகள்.

கேள்வி: பக்கத்துக் குட்டையில் கல்பாசி, கொரல்லினா, கொத்துக் கொத்தாக இருக்கிறது. அதிலும் வெள்ளைச் சுருள் இருக்கிறது, ஆனால் சிறியது. வலஞ்சுழிதான், குழாய்க்குள் கருச்சரமும் இருக்கிறது. அதே இனத்தின் குட்டிகளா?

கரையோரி:

கருவோடு இருந்தால் குட்டி இல்லை, அதுவே முழு வளர்ச்சி. அது ஸ்பைரோர்பிஸ் கொரல்லினேயாக இருக்கலாம். இந்த இனத்துக்குப் பெயர் வைத்த இருவரில் ஒருவர் இலங்கையின் பி. எச். டி. எச். டி சில்வா, பிற்பாடு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். இன்னொருவர் நைட்-ஜோன்ஸ். 1962-ல் எழுதினார்கள்.

அந்த 1962 இந்தப் பேரினத்துக்கு ஒரு பெரிய வருடம். கொரல்லினே, பாறைமேல் படரும் சுண்ணாம்புப் பாசியோடு வாழும் ரூபெஸ்ட்ரிஸ், பெரிய பழுப்புப் பாசிகளில் வாழும் இனோர்னேட்டஸ், மூன்றும் அந்த ஒரே வருடத்தில் பெயர் பெற்றன. டி சில்வா குஞ்சுகளுக்குப் பலவிதப் பரப்புகளைக் கொடுத்து எதில் ஒட்டுகின்றன என்று எண்ணினார். ஃப்யூகஸில் பிறந்தது ஃப்யூகஸைத் தேடியது, கொரல்லினாவில் பிறந்தது கொரல்லினாவைத் தேடியது, டிரைடென்டேட்டஸ் கல்லைத் தேடியது. ஆக, எந்த இலையில் எடுத்தீர்கள் என்ற ஒரு வரிக் குறிப்பு இல்லாத சேகரிப்பு பாதிச் சேகரிப்புதான்.

உங்கள் அட்டமிக் கணக்கும் சரியாக இருக்கிறது. ஃப்யூகஸ் மேல் இருக்கும் இனம் பிறைப் பாதியை ஒட்டித்தான் குஞ்சுகளை விடும். ஏற்ற இறக்கம் குறைவான அந்த நாட்களில் விட்டால், நீந்தும் சில மணி நேரத்துக்குள் குஞ்சு தாயின் பாசித்திட்டை விட்டுத் தொலைந்து போகாமல் ஒட்டிக்கொள்ளலாம். இது என் ஊகம், ஆனால் ஒட்டியிருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது. குஞ்சுகள் ஏற்கெனவே தன் இனம் இருக்கும் இடத்தைத் தேடி ஒட்டும், அதே சமயம் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இடைவெளியும் விடும். அந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள், தினமும் ஒரு படம் எடுங்கள்.

தொட்டிக்காரர்:

கரையோரி, இன்று மூன்றைப் பெயர்த்தெடுத்தேன். நீங்கள் சொன்னது சரி, மேலிருந்து பார்த்தால் மூன்றும் இடஞ்சுழி. உட்புறம் மங்கல். ஒன்றில் மூடி உப்பலாகக் கிண்ணம் மாதிரி இருந்தது, அதற்குள் உருண்டை உருண்டையாக நாலைந்து. குழாய்க்குள் ஒன்றுமே இல்லை. நாலு வருடமாகத் தவறான பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எங்கள் குழுவிலும் திருத்திவிட்டேன். இது ஜானுவாவா, நியோடெக்ஸியோஸ்பைராவா?

கரையோரி:

அண்ணா, மூடிக்குள் குஞ்சு, இடஞ்சுழி, இரண்டும் சேர்ந்தால் ஜானுவா கூட்டம்தான். அந்த இரண்டில் எது என்று சொல்ல, விசிறிக்குக் கீழே கழுத்துப்பட்டை மாதிரி மடிந்திருக்கும் சதையில் குத்தி நிற்கும் மயிர்களைப் பெரிய நுண்ணோக்கியில், நானூறு மடங்கில் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றைச் சாராயத்தில் போட்டு வையுங்கள், ஃபார்மலின் வேண்டாம், தட்டு அரித்துவிடும். எந்தக் கடை, எந்தக் கல்லோடு வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள்.

மண்டபக்கரை:

சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள் அண்ணா, பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். மயிர் பார்க்க நுண்ணோக்கி என்னிடம் இருக்கிறது, அடுத்த மாதம் சென்னை வருகிறேன், குப்பியை எடுத்து வையுங்கள்.